செம்புத் தகட்டில் ஓர் எல்லைச்சாமி: எட்டு மாதங்களுக்குப் பின் ஒரு மதிப்புரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு கலைப்பொருள் கடையில் சென்ற ஆவணி மாதம் செம்புத் தகட்டில் அடித்த புடைப்புச் சிற்பம் ஒன்றை வாங்கினேன். உயரம் 2 அடி, அகலம் ஒன்றரை அடி; குதிரைமேல் அமர்ந்த அய்யனார்; வரியும் வண்டிக்கூலியும் உட்பட 42,000 ரூபாய். மாதச் சம்பளத்தில் வாழ்கிறவன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசித்துச் செய்ய வேண்டிய செலவு இது. வாங்குவதற்கு முன்பு, இப்படிப்பட்ட பொருளை வீட்டில் வைத்துப் பார்த்த யாராவது தமிழில் விரிவாக எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன்; விளம்பர வாசகங்கள்தான் கிடைத்தன. ஆகவே ஒரு மழைக்காலத்தையும் கோடையின் தொடக்கத்தையும் அது என் வீட்டுச் சுவரில் கழித்த பிறகு இதை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இங்கே நான் குறையாகச் சொல்பவற்றில் பெரும்பாலானவை அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியவை அல்ல.

கடை என்று நான் எழுதினாலும் அவர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. முன்னோர் மரபிலிருந்து இன்றைய கலை என்று பொருள்படும் ஆங்கில வாசகம் ஒன்று வாசலில் இருக்கிறது. செட்டிநாட்டு வீடு எதிலிருந்தோ பெயர்த்து வந்த தேக்குத் தூண்கள் நான்கை முன்கூடத்தில் நிறுத்தி, தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறார்கள். முன்கூடத்தில் சில ஆயிரங்களுக்குள் அடங்கும் சிறிய பொருள்களும், அதைத் தாண்டிய இரண்டு அறைகளில் கலைஞர்கள் கையொப்பமிட்ட பெரிய வேலைகளும் இருக்கின்றன. விற்பனைக்கு நின்ற பெண் எதையும் தலையில் கட்டப் பார்க்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். ஒன்றரை மணி நேரம் சுற்றியும் ஒருவர் முகம் சுளிக்கவில்லை.

முன்கூடத்தைப் பற்றி என் கருத்து அவ்வளவு நல்லதாக இல்லை. அங்கே மாட்டியிருந்த, கோண்டுப் பழங்குடியினரின் ஓவியங்களை எடுத்துக்கொள்கிறேன். மத்தியப் பிரதேசத்தின் பட்டன்கர் கிராமத்தில் சுவர்களில் வரைந்துகொண்டிருந்த ஜங்கர் சிங் ஷியாம் என்ற இளைஞரை ஓவியர் ஜெ. சுவாமிநாதன் போபாலுக்கு அழைத்துவந்ததும், 1982இல் அங்கே திறக்கப்பட்ட பாரத் பவன் கலை மையத்தில் பழங்குடிக் கலையும் நகரத்து நவீன ஓவியமும் சம மரியாதையோடு ஒரே கூரையின்கீழ் வைக்கப்பட்டதும், ஜங்கருக்குப் பின்னால் அவருடைய உறவினர்கள் பலர் தாளிலும் கான்வாஸிலும் தமக்கென்று ஒரு புள்ளி, தமக்கென்று ஒரு கோடு வகுத்துக்கொண்டு ஓவியர்களாக வளர்ந்ததும் இந்தியக் கலையில் பெரிய நிகழ்வுகள். ஒரு மானின் உடலுக்குள் நிரப்பியிருக்கும் புள்ளிகளின் அமைப்பைப் பார்த்தே இது இன்னார் கை என்று சொல்லிவிட முடியும் என்பதுதான் அந்த ஓவியங்களின் உயிர். இந்தக் கடையில் 6,500 ரூபாய்க்கு மாட்டியிருந்த மானைக் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தபோது, வரைந்த புள்ளிக்குள் அச்சு இயந்திரத்தின் புள்ளிகள் தெரிந்தன. கேட்டதும் அந்தப் பெண், படம் அச்சு என்றும் கீழே உள்ள கையொப்பம் மட்டும் அசல் என்றும் தயங்காமல் ஒப்புக்கொண்டார். ஆனால் அட்டையில் ‘ஓவியம்’ என்றுதான் இருந்தது. கேட்காதவர் கேட்காமலே வாங்கிப்போவார்.

துணியில் கையால் வரையும் கலம்காரியும் அப்படியே. காளஹஸ்தி முறையில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பல நாள் புளிக்கவைத்து எடுத்த கருப்பு மையால் கலம் என்னும் மூங்கில் எழுதுகோல் கொண்டு கோடு இழுப்பார்கள். எத்தனை முறை அலசினாலும் அந்தத் துணியில் லேசான ஒரு வாசனை தங்கிவிடும், சாயம் பின்பக்கத்திலும் ஊறியிருக்கும். முன்கூடத்துத் திண்டு உறைகளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. உள் அறையில் தொங்கிய ஒரு பெரிய துணியில் மட்டும், கல்பவிருட்சத்தின் கிளைகளில் பறவைகளுக்குப் பதிலாகக் கைப்பேசிக் கோபுரங்களும் மின்கம்பிகளும் பின்னிக் கிடந்த வேலையில், அந்தக் கடுக்காய் வாசனை இருந்தது. விலை என் எல்லைக்கு அப்பால்.

மண்குதிரைகளைப் பற்றிப் புகார் இல்லை. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கங்களில் குயவர்களான வேளார்கள், அய்யனாருக்கு மண்குதிரை செலுத்தும் புரவி எடுப்புக்காக வனையும் ஆளுயரக் குதிரை உள்ளே வெற்றிடமாக, காலில் தொடங்கிப் படிப்படியாக மேலே எழுப்பப்படுவது. அதைச் செய்கிறவர் பல ஊர்களில் அய்யனார் கோயில் பூசாரியாகவும் இருப்பார். கடையில் இருந்தவை 8 அங்குல உயரத்தில் அச்சில் எடுத்தவை. வயிற்றைத் தடவினால் அச்சு சேர்ந்த கோடு விரலில் படும். விலை 900 ரூபாய் என்று போட்டு, அச்சுக் குதிரை என்றே எழுதியும் வைத்திருந்தார்கள். நினைவுப் பொருள் நினைவுப் பொருளாக விற்கப்பட்டால் யாருக்கும் நட்டமில்லை.

நான் வாங்கிய அய்யனார் உள் அறையின் மூலையில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில் இருந்தார். குதிரை பக்கவாட்டில் நிற்கிறது; ஏறியிருப்பவரோ முழு முகமும் நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறார். முகம் குதிரையின் தலையைவிடப் பெரியது. கண் இமைகள் தகட்டிலிருந்தே கால் அங்குலம் எழும்பியிருக்க, கருவிழிக்கு மட்டும் பித்தளைக் குண்டு ஒன்றைப் பற்றவைத்திருக்கிறார்கள். மீசை, தகட்டில் அடித்ததன்று. இரண்டு செம்புக் கம்பிகளை முறுக்கி ஒட்டவைத்தது. குதிரையின் கழுத்து மணிகள் ஒவ்வொன்றும் அரை மிளகளவு. பின்னணியில் மரமோ மலையோ எதுவும் இல்லை. சுத்தியல் பட்ட தடங்களை அப்படியே விட்டிருக்கிறார்கள், மழைக்கு முந்தைய வானம்போல. அந்தப் பின்னணியை வழவழப்பாக்கிப் பளபளவென்று தீட்டியிருந்தால் இதை வாங்கியிருக்க மாட்டேன்.

இந்தப் பாணி எங்கிருந்து வந்தது என்பதைக் கடையின் கையேடு ஒரு வரியில், ‘பழமையான தென்னிந்திய உலோக மரபு’ என்று முடித்துவிடுகிறது. கோயில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தைப் பார்த்திருப்பீர்கள்: வெள்ளியிலோ பித்தளையிலோ முன்பக்கம் மட்டும் முகமும் மார்பும் கையுமாக அடித்த தகடு, பின்னால் ஒன்றுமில்லை, ஏனென்றால் பின்னால் கல்லில் சாமி இருக்கிறார். அந்தக் கவசத்தைச் சாமியிடமிருந்து பிரித்து, வெறும் தகட்டையே தனித்து நிற்கும் நவீனச் சிற்பமாக ஆக்கலாம் என்று 1960களில் சென்னையில் செய்து காட்டியவர் பி.வி. ஜானகிராம். முழுவதும் சுற்றிவந்து பார்க்கும் மேற்கத்தியச் சிற்ப இலக்கணத்தை அவர் ஒதுக்கிவிட்டு, கருவறை முன் நிற்பவன் பார்க்கும் ஒரே கோணத்தைத் தம் சிற்பத்தின் கோணமாக வைத்துக்கொண்டார். செம்புத் தகட்டைப் புடைத்து, அதன்மேல் கம்பிகளைப் பற்றவைத்துக் கண்ணும் ஆபரணமும் வரைந்த அவருடைய பிள்ளையாரும் கிறிஸ்துவும் பார்க்கக் கோயிலுக்குரியவர்கள்போல் இருப்பார்கள். ஆனால் எந்தக் கோயிலிலும் வைக்க முடியாது. என் அய்யனார் அந்தப் பரம்பரையில் மூன்றாம் தலைமுறை என்று சொல்லலாம்.

அந்தக் கடையிலிருந்து அதிக தூரமில்லாத ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் ஓவியர் கிராமம் இருக்கிறது. முன்பணம் கட்டிவிட்டு மறுவாரம் அங்கே போனேன்; வாங்கும் பொருளை அதன் மூலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் காரணம். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் நிலம் வாங்கி ஏற்படுத்திய குடியிருப்பு அது. ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாது என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனவே மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாட்டிக் துணி, தோல் வேலை, உலோக வேலை, மண்பாண்டம் எனக் கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலமும் வீடும் தேடிக்கொண்டு, மிச்ச நேரத்தில் தமக்குப் பிடித்ததை வரைவது என்பது அவர்களுடைய ஏற்பாடு. பாட்டிக் துணி விற்ற காசில் உருவான ஊர் என்று சொன்னால் மிகையில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, கைவினை அவர்களுக்குச் சோறு போட்டதோடு நிற்கவில்லை என்பது. சோற்றுக்காகத் தொட்ட தகடும் மெழுகும் அவர்களுடைய கலைக்குள்ளும் புகுந்தன. எஸ்.ஜி. வாசுதேவ் செம்புத் தகட்டில் புடைப்புகள் செய்தார்; எம். சேனாதிபதியும் உலோகத்தில் புடைப்பு வேலை செய்தார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துக் கதை சொல்லும் சிற்பங்களை எழுப்பினார். தலைமுறை தலைமுறையாகச் சிற்பத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த வித்யாசங்கர் ஸ்தபதி, சாமி உருவங்களை வருணிக்கும் தியான சுலோகங்களையும் முன்னோரின் சிற்ப அளவுகளையும் கற்றறிந்தவராக இருந்தே தகட்டில் புதிய உருவங்களைத் தேடினார். பணிக்கர் தாமும் 1963 முதல் தீட்டிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டங்களையும் படிக்க முடியாத எழுத்துகளையும் கொண்டு கான்வாஸை நிரப்பினார், ஜெ. சுல்தான் அலி பஸ்தர் பழங்குடியினரின் உருவங்களைத் தம் ஓவியத்துக்குள் கொண்டுவந்தார். இவர்கள் படித்த கல்லூரியே 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொழிற்கலைகளுக்காகத் தொடங்கிய பள்ளிதான். நம் அடுக்களையில் அலுமினியம் நுழைந்த கதையும் அந்தப் பள்ளியின் பட்டறையில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் செய்த முயற்சியில்தான் தொடங்குகிறது. பாத்திரத்துக்கும் சிற்பத்துக்கும் சென்னையில் ஒரே பட்டறை இருந்தது என்பது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சோழமண்டலில் 2009இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் உலோக வேலைகளின்முன் நின்றபோது நான் வாங்கப்போகும் பொருளின் தரம் எனக்குச் சரியாகத் தெரிந்தது. ஜானகிராம் தலைமுறையின் தகடுகளில் ஒரு முரட்டுத்தனம் இருக்கிறது. பற்றவைத்த இடம் பற்றவைத்த இடமாகவே தெரியும், கம்பி சற்றே கோணலாக ஓடும். அவர்கள் அந்த வழியைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். என் அய்யனாரைச் செய்தவர்களுக்கு வழி தெரியும். அதனால் வேலை சுத்தமாக இருக்கிறது, அதே காரணத்தால் கொஞ்சம் பயம் குறைவாகவும் இருக்கிறது. எல்லைச்சாமியைப் பார்த்தால் வயிற்றில் ஒரு பிடி பிடிக்க வேண்டும். இவர் பார்வையில் அந்தப் பிடி முக்கால் பங்கு இருக்கிறது. 42,000 ரூபாய்க்கு முக்கால் பங்கு போதும் என்று முடிவு செய்து மீதிப் பணத்தையும் கட்டினேன்.

கையால் அடித்த தகடா, இயந்திரம் அழுத்திய தகடா என்று அறிய ஒரே வழி பின்பக்கத்தைப் பார்ப்பது. கைவேலையில், தகட்டை முதலில் நெருப்பில் காய்ச்சி இளக்குவார்கள். குங்கிலியம், செங்கல் தூள், எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய அரக்குப் படுகையில் அதைப் பதிப்பார்கள். பின்புறமிருந்து மொட்டை உளியால் அடித்து மேடுகளை எழுப்பி, திருப்பிப் போட்டு முன்புறமிருந்து கூர் உளியால் கண்ணும் மூக்கும் தீட்டுவார்கள். அடிக்க அடிக்கச் செம்பு இறுகும். இறுகிய பின்னும் அடித்தால் வெடிக்கும். எனவே அரக்கிலிருந்து எடுத்து, மறுபடி காய்ச்சி, மறுபடி பதித்து, இப்படிப் பல சுற்று. மேடு உயர உயரத் தகடு அங்கே மெலியும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைச் சுத்தியலின் ஓசையே அடிப்பவருக்குச் சொல்லும். இத்தனையும் பின்பக்கத்தில் எழுதியிருக்கும். நகரத்தில் உள்ள ஒரு பெரிய வீட்டு அலங்காரக் கடையில் இதே அளவில், இதன் மூன்றில் ஒரு பங்கு விலையில், ‘கைவேலை’ என்ற அட்டையோடு ஒரு நடராசரைப் பார்த்தேன். பின்பக்கம் முன்பக்கத்தின் நிழல்போல, ஒரு சுத்தியல் தடம்கூட இல்லாமல் வழவழவென்று இருந்தது. நான் வாங்கிய கடையில் பின்பக்கம் பார்க்க வேண்டும் என்றேன். ஒட்டுப்பலகை வைத்துத் திருகியிருக்கிறது, கழற்ற அனுமதியில்லை என்றார்கள். பலகையின் ஓரத்தில் கிடைத்த இடுக்கில் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்ததில் உளித்தடம் தெரிந்ததால் ஒப்புக்கொண்டேன். 42,000 ரூபாய்ப் பொருளை இடுக்கு வழியாகப் பார்த்து வாங்குவது முறையன்று. நான்கு திருகாணியைக் கழற்றிக் காட்டுவதில் அவர்களுக்கு என்ன சிரமம் என்று இன்றும் விளங்கவில்லை.

பொருள் வீடு வந்து சேர்ந்த விதம் மோசம். தெர்மாகோல் பலகை இரண்டுக்கு நடுவில் வைத்து நாடா சுற்றியிருந்தார்கள். புடைப்பின் மிக உயரமான பகுதி குதிரையின் காது என்பதைக் கட்டியவர் யோசிக்கவில்லை. பிரித்தபோது காது மடங்கியிருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். மாற்றித் தர வேறு படி கிடையாது, ஆள் அனுப்பிச் சரிசெய்து தருகிறோம் என்று அன்றே பதில் வந்தது, ஆள் வர 11 நாள் ஆனது.

வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இருசக்கர வண்டியின் முன்னால் தொங்கிய துணிப்பையில் ஒரு கொட்டாப்புளி, இரண்டு உளி, சிறிய மணல்பை, அவ்வளவுதான் கருவி. என்னிடம் திருப்புளி கேட்டு வாங்கிப் பலகையைக் கழற்றினார். கடையில் எனக்குக் கிடைக்காத தரிசனம் அப்போதுதான் கிடைத்தது. கருத்துப்போன பின்பக்கத்தில் முகம் குழிந்து, கண்கள் இரண்டு கிணறாக, குதிரையின் வயிறு ஒரு தொட்டியாகத் தெரிந்தது. குழிகளின் மூலையில் அரக்குத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் காதைச் சரிசெய்வதற்கு முன், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, தகட்டை ஜன்னல் பக்கம் சாய்த்து, நிதானமாகப் பார்த்தார்.

“முகம் ஒரு கை, குதிரை வேற கை சார்,” என்றார். “பாருங்க, முகத்துல உளி நெருக்கமா விழுந்திருக்கு. குதிரையில அகலம் அகலமா விழுது. ரெண்டு பேரு வேலை. முகம் போட்டவரு பெரியவரா இருக்கணும், குதிரை போட்டது கை வேகமான பையன்.”

பிறகு காதின் அடியில் மணல்பையைக் கொடுத்து ஏழெட்டுத் தட்டு தட்டினார். மடிந்த தடம் ஒரு மயிரிழையளவு இன்னும் இருக்கிறது. தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். தேநீர் குடித்தார், பணம் வாங்கவில்லை, கடை கொடுத்துவிடும் என்றார். இந்தக் கடையின் சேவையில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால், அந்த அரைமணி நேரத்தைத்தான் சொல்வேன். அவரும் கடையின் ஊழியர் அல்லர் என்பது வேறு விஷயம்.

அவர் போன பின்புதான் பொருளோடு வந்த சான்றிதழை மறுபடி எடுத்துப் படித்தேன். தகட்டின் வலது கீழ் மூலையில் கையொப்பமிட்டிருக்கும் கலைஞரின் பெயர் அதில் இருக்கிறது; அவர் பெற்ற பரிசுகள் இருக்கின்றன; ‘முன்னோரின் கைகள் நம் காலத்தோடு பேசுகின்றன’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அடித்த இருவரின் பெயர் எங்கும் இல்லை. கடைக்கு எழுதிக் கேட்டேன். இரண்டு வாரம் கழித்து, உருவமைப்பு கலைஞருடையது என்றும், அடிக்கும் வேலையை ‘எங்கள் கைவினைஞர் குழு’ செய்தது என்றும், தனிப்பெயர்கள் வெளியிடுவதில்லை என்றும் பதில் வந்தது. ஒருவர் வரைய இன்னொருவர் அடிப்பதில் தவறே கிடையாது. வார்ப்புச் சிற்பங்கள் உலகெங்கும் அப்படித்தான் உருவாகின்றன, தஞ்சாவூர்க் கலைத்தட்டுகூடத் தட்டு அடிப்பவர், உருவம் எடுப்பவர், பதிப்பவர் என்று பல கைகள் மாறி வருவதுதான். ஆனால் வாசுதேவின் திரைச்சீலைகளைப் பேசும் இடத்தில் அவற்றை நெய்த சுப்பராயலுவின் பெயரும் சேர்ந்தே பேசப்படுகிறது. அவ்வாறு செய்ததால் வாசுதேவின் மதிப்பு குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. முன்னோரின் கை என்று விலைக்குள் சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு, உயிரோடு இருக்கும் கையின் பெயரை ரசீதில் சேர்க்கத் தெரியாமல் போவது எனக்கு உறுத்துகிறது.

இது எனக்கு உறுத்துவதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. என் தாயாரின் தந்தை கும்பகோணத்தில் பாத்திரத்தில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தவர். கல்யாணச் சீருக்கு வாங்கிய அண்டாவும் குத்துவிளக்கும் அவர்முன் வரிசையாக நிற்கும். சிற்றுளியால் புள்ளி புள்ளியாகப் பெண்ணின் பெயர், தேதி, கொடுத்தவர் பெயர் என்று வெட்டிக்கொண்டே போவார். ‘ற’வின் கொம்பை அவர் கொஞ்சம் நீட்டி வளைப்பார். அந்த நீண்ட கொம்பை வைத்து எங்கள் வீட்டில் இரண்டு பாத்திரங்களை இன்றும் அவருடையவை என்று அடையாளம் சொல்கிறோம். மற்றபடி அவர் பெயர் எந்தப் பாத்திரத்திலும் கிடையாது.

சரி, பராமரிப்பு. எங்கள் வீடு திருவான்மியூரில், கடலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. உப்புக்காற்றுக்குச் செம்பு தாங்குமா என்பதுதான் என் பெரிய கவலையாக இருந்தது. நிறமற்ற மெருகெண்ணெய் பூசியிருப்பதாகவும், உலர்ந்த பருத்தித் துணியால் தூசி தட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்யக்கூடாது என்றும், புளி, எலுமிச்சை, பாத்திரப் பொடி எதையும் நெருங்கவிடக் கூடாது என்றும் கையேடு சொல்கிறது. கார்த்திகை மழை முடிந்தபோது குதிரையின் முன்னங்கால் அருகே கடுகளவில் மூன்று இடத்தில் பச்சைக் களிம்பு கண்டது. மெருகில் ஊசித்துளை விட்டிருக்கிறது என்று அர்த்தம். கடைக்குச் சொன்னபோது, கலக்கம் வேண்டாம், ஆண்டுக்கொரு முறை கொண்டுவந்தால் இலவசமாக மறுபூச்சு பூசித் தருகிறோம் என்றார்கள். மற்ற இடங்களில் ஆவணியில் இருந்த செம்மண் நிறம் இப்போது தேன் நிறத்துக்கு வந்திருக்கிறது. இது எனக்குப் பிடித்திருக்கிறது. எடை ஒட்டுப்பலகையும் சட்டமும் சேர்த்து 4 கிலோ. ஆணி போதாது; துளையிட்டுப் பிளக் வைத்துத் திருகாணி போடுங்கள். வெளிச்சம் நேரே விழக்கூடாது, பக்கவாட்டில் விழ வேண்டும். குழல்விளக்கின் கீழ் மாட்டினால் புடைப்பு முழுவதும் தட்டையாகிவிடும்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் வீட்டில் பேச்சு நீண்டது. கூடத்தின் நடுச்சுவரில் நான் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றார். “ஏம்ப்பா, எல்லைச்சாமியைக் கொண்டுவந்து நடுக்கூடத்துல மாட்டுவாங்களா? அவரு வெளியில நின்னு காவல் காக்கறவரு.” இது சாமியல்ல, கலைப்பொருள் என்று விளக்கினேன். அம்மா காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, “அப்ப கண்ணை எதுக்குத் திறந்து வச்சிருக்காங்க?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது அய்யனார் வாசற்கதவுக்கு உள்பக்கம், வருகிறவரை நேர்கொண்டு பார்க்கும் சிறிய சுவரில் இருக்கிறார். மாலை நான்கு மணிக்கு மேல் படிக்கட்டு ஜன்னலிலிருந்து வரும் வெயில் இடப்பக்கத்திலிருந்து விழும்போது, பித்தளைக் கருவிழி மட்டும் தனியாக மின்னும். நான் திட்டமிட்ட இடத்தைவிட இது நல்ல இடம்.

விலை தகுமா என்றால், தகடும் உழைப்பும் கணக்கிட்டால் தகும் என்பேன். அந்த உழைப்புக்குப் போய்ச் சேர்ந்த பங்கு எவ்வளவு என்று தெரிந்தால் இன்னும் உறுதியாகச் சொல்வேன். வாங்க நினைப்பவர் முன்கூடத்தைக் கடந்து நேரே உள் அறைக்குப் போங்கள். அச்சா வரைந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டுக் கேளுங்கள், அவர்கள் பொய் சொல்வதில்லை. பலகையைக் கழற்றிக் காட்டாமல் பணம் கட்டாதீர்கள். வீட்டுக்கு அனுப்பச் சொல்லாமல், முடிந்தால் நீங்களே ஒரு பழைய மெத்தையோடு போய் எடுத்து வாருங்கள். அடித்தவர் பெயரை ரசீதில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். நான் ஒருவன் கேட்டதற்குக் கிடைத்த பதிலை மேலே எழுதியிருக்கிறேன். பத்துப் பேர் கேட்டால் பதில் மாறக்கூடும்.

களிம்பு பிடித்த மூன்று புள்ளிகளோடு சென்ற வாரம் நான்காவதாக ஒன்றைக் கண்டேன். இது பச்சையாக இல்லை, சிவப்பாக, சரியாக இரண்டு புருவத்துக்கும் நடுவில் இருந்தது. வெள்ளிக்கிழமை. உலர்ந்த பருத்தித் துணியை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததால் குதிரையின் முதுகை மட்டும் துடைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.